ஓவியம் மட்டும்தான் கலையா? பண்ருட்டி வாசகரின் கேள்வியும் நீண்டுபோன பதிலும்

பண்ருட்டி வாசகர், 3 டிசம்பர்

மகள் ப்ளஸ் டூ படிக்கிறாள். அடுத்து கவின்கலைக் கல்லூரிதான் என்று பிடிவாதமாக இருக்கிறாள். என் கணக்கு இதுதான்: கலை என்றால் ஓவியம், அதை வீட்டில் உட்கார்ந்தே வரையலாம். சிலை, பானை, அச்சு இதெல்லாம் கைத்தொழில், இதற்கு நான்கு வருடப் படிப்பு எதற்கு? சரி, கலையைப் பார்த்தாவது கற்றுக்கொள்ளட்டும் என்றால் கடலூர், பாண்டிச்சேரிப் பக்கம் என்ன இருக்கிறது? பாரிஸ் போக வேண்டும், முடியாவிட்டால் சென்னையாவது போக வேண்டும். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

4 டிசம்பர், இரவு 9.40

கடலூரில் ஒரு பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன். அண்ணா, நேராகவே சொல்கிறேன். பார்க்க எதுவும் இல்லை என்கிறீர்கள், ஆனால் திருவதிகை உங்கள் ஊரை ஒட்டித்தான் இருக்கிறது. வீரட்டானேசுவரர் கோவிலுக்குச் சாமி கும்பிடப் போயிருப்பீர்கள். அடுத்த முறை போகும்போது கோபுரத்தையும் விமானத்தையும் கொஞ்ச நேரம் அண்ணாந்து பாருங்கள். மேலே இருக்கும் உருவங்கள் கல்லில் செதுக்கியவை அல்ல, சுதை. செங்கல்லால் உத்தேசமாக ஒரு வடிவம் எழுப்பி, அதன்மேல் சுண்ணாம்பும் மணலும் கலந்த சாந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி உருவம் கொண்டுவருவார்கள். சாந்து இறுகக் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் சேர்ப்பது பழைய முறை.

கல்லில் வேலை வேறு. உளி பட்டுத் தெறித்த சில்லைத் திரும்ப ஒட்ட முடியாது. அதனால் கல்லில் செய்பவர் முடிவை முதலிலேயே மனதில் கட்டிக்கொண்டுதான் உளியை வைக்கிறார். சுதையில் செய்பவருக்கு நடுவில் மனம் மாறலாம். தோளை இன்னும் கொஞ்சம் ஏற்றலாம், கம்பி கொடுத்துக் கையை வெளியே நீட்டலாம், பத்து வருடம் கழித்து விரிசலை அடைக்கலாம், புதுச் சாயம் பூசலாம். பொருள் மாறும்போது யோசிக்கும் விதமே மாறிவிடுகிறது. கல்லூரியில் வருடக்கணக்காகப் படிப்பது இதைத்தான். 'அழகாக வரைவது' அதில் ஒரு ஓரம்தான்.

பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது, இதைச் செய்தவரின் கை என்ன செய்தது என்பது. சேர்த்ததா, எடுத்ததா, வார்த்ததா, ஒரு பரப்பின்மேல் கோடும் நிறமும் இட்டதா? இந்த நான்கில் தொடங்கினால் ஓவியம், சிற்பம், பானை, அச்சு எல்லாம் ஒரே இடத்துக்கு வந்துவிடும். எது உயர்ந்தது என்ற பேச்சு அதற்கு அப்புறம்தான்.

5 டிசம்பர், காலை

ஒன்று விட்டுவிட்டேன். ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் நடுவே புடைப்புச் சிற்பம் என்று ஒன்று உண்டு. பின்னால் சுவர், முன்னால் பாதி உடம்பு. சிதம்பரம் கோவில் கோபுர வாசலில் நுழையும்போது இரண்டு பக்கமும் நாட்டிய கரணங்கள், அதாவது ஆட்ட நிலைகள், அடுக்கடுக்காக இருக்கும். 108 கரணங்கள். கூட்டத்தோடு கூட்டமாக வேகமாக உள்ளே போய்விடுகிறோம். ஒரு ஓரமாக நின்று ஒரே ஒரு கட்டத்தைப் பாருங்கள். இடம் ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட, ஆழம் சில விரற்கடை. அதற்குள் உடம்பு திரும்புவதும் முழங்கால் மடிவதும் தெரிய வேண்டும். எதைப் புடைக்க விடுவது, எதைச் சுவரோடு அமுக்குவது என்று தெரிந்தவர் செய்த வேலை அது.

6 டிசம்பர், இரவு

நெய்வேலித் தம்பி 'அப்போ நடராஜர் எதில் சேர்த்தி?' என்று கேட்டிருக்கிறார். வார்ப்பு.

சுவாமிமலையில் இன்றும் நடக்கிற முறையைச் சொல்கிறேன். தேன்மெழுகு, குங்கிலியம், கொஞ்சம் எண்ணெய் சேர்த்துக் காய்ச்சிய மெழுகில் முழு உருவத்தையும் முதலில் செய்துவிடுவார்கள். விரல், நகை, சடை எல்லாம் மெழுகிலேயே வந்துவிடும். அதன்மேல் காவிரி வண்டலை மெல்லிசாக ஒரு பூச்சு. அந்த முதல் பூச்சு ரொம்ப முக்கியம், மெழுகில் இருக்கும் ஒவ்வொரு கீறலையும் அதுதான் வாங்கிக்கொள்கிறது. நிழலில் காயவைத்து, மேலே தடித்த மண் பூசி, கம்பி கட்டி, சூடாக்குவார்கள். மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். அந்தக் காலி இடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். பஞ்சலோகம் என்று பெயர் இருந்தாலும் பெரும்பங்கு செம்புதான். ஆறியபின் மண் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும். ஒரு மெழுகுக்கு ஒரு சிலை. அதே அச்சில் இன்னொன்று கிடையாது.

பாரிஸ் என்றீர்களே, பிரான்ஸின் பெரிய சிற்பி ரோடின் நம் நடராஜரைப் பற்றி உருகி உருகி எழுதியிருக்கிறார். எழுதியது 1913இல். அவர் இறந்தபின், 1921இல் அச்சில் வந்தது. அவர் பார்த்தது எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கும் திருவாலங்காட்டு நடராஜர். அதையும் நேரில் பார்க்கவில்லை, புகைப்படங்களில்தான் பார்த்தார். பார்க்கத் தெரிந்த ஒரு சிற்பி நிழற்படத்திலிருந்தே எவ்வளவு எடுத்துக்கொண்டார் என்று படிக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நமக்கு அந்தச் சிலைகள் ரயில் தூரத்தில் இருக்கின்றன. புதுச்சேரி அருங்காட்சியகத்திலும் சோழர் கால உலோகத் திருமேனிகள் உண்டு.

7 டிசம்பர்

'ரோடினுக்கே படம் போதும் என்றால் மகளுக்கு போன் போதாதா?' என்று பண்ருட்டி அண்ணன் கேட்கிறார். நியாயமான கேள்வி. இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்ததும் இதைத்தான்.

படத்தில் சிலைக்கு ஒரு பக்கம்தான் உண்டு. பின்பக்கம், முதுகின் வளைவு, பக்கவாட்டில் நின்றால் தூக்கிய கால் நம்மை நோக்கி வருவது, எதுவும் வராது. ரோடின் வாழ்நாள் முழுவதும் களிமண்ணில் உடம்பு பிசைந்தவர், படத்தில் இல்லாததை அவர் கை நிரப்பிக்கொண்டது. பதினேழு வயதுப் பிள்ளைக்கு அந்தக் கை இன்னும் வரவில்லை. அதனால் முதலில் நேரில் பார்க்கட்டும், சுற்றி வந்து பார்க்கட்டும், படம் அப்புறம்.

ஆனால் புகைப்படத்தை வெறும் நகல் என்று சொல்லிவிடக் கூடாது. அது தனிக் கலை. தாகேர் என்ற பிரெஞ்சுக்காரரின் புகைப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839இல். இருபது வருடம்கூட ஆகவில்லை, 1858இல் லினேயஸ் டிரைப் என்ற வெள்ளைக்கார அதிகாரி தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தின் அடிப்பகுதியில் உள்ள கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து ஒரே நீளப் படமாக ஒட்டியிருக்கிறார். நீளம் 19 அடிக்கு மேல். காகித நெகட்டிவை மெழுகில் ஊறவைத்து வேலை செய்த காலம் அது. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரே தூரத்தில், ஒரே வெளிச்சத்தில் நிற்க அவர் எவ்வளவு பாடுபட்டிருப்பார்!

புதுச்சேரியிலேயே, 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் தென்னிந்தியக் கோவில்களையும் சிலைகளையும் எடுத்த படங்கள் லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. திருடுபோன சிலைகளை அடையாளம் காட்ட அந்தப் படங்கள் சாட்சியாக உதவியிருக்கின்றன. எடுத்தவர்களுக்குச் சிற்பம் பார்க்கத் தெரிந்திருந்தது. அதனால்தான் அவை உதவின.

9 டிசம்பர், இரவு

வில்லியனூர்த் தங்கச்சி கோபமாக எழுதியிருக்கிறார்: 'எங்க வீட்டில் மண்ணில் வேலை செய்கிறோம். அது கலையா, இல்லையா என்று யார் தீர்ப்பு சொல்வது?' கோபம் சரிதான். வில்லியனூர் சுடுமண் வேலைக்கும் திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஆனால் குறியீடு வந்ததால் அது கலை ஆகவில்லை.

ஒரு அய்யனார் குதிரையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆள் உயரக் களிமண் குதிரை சூளையில் வெடிக்காமல் வர வேண்டும். கெட்டியாகச் செய்தால் வெடித்துவிடும். உள்ளே கூடாக இருக்க வேண்டும், சுவர் எங்கும் ஒரே கனத்தில் இருக்க வேண்டும், ஆவி வெளியேற ஓட்டை வேண்டும். நான்கு காலும் அவ்வளவு கனத்தைத் தாங்க வேண்டும் என்பதால்தான் அவை தூண் மாதிரித் தடித்து நிற்கின்றன. அந்தத் தடிப்பே குதிரைக்கு ஒரு கம்பீரத்தைக் கொடுத்துவிடுகிறது. தேவையில் பிறந்த வடிவம். நெஞ்சை நிமிர்த்தி, கண்ணைப் பிதுக்கி, வாயைத் திறந்து வைத்தது தேவைக்காக மட்டும் அல்லவே? அங்கே ஒருவர் முடிவெடுத்திருக்கிறார். நான் கலை என்று சொல்வது அந்த முடிவைத்தான்.

சுடுமண் பொதுவாக 1000 டிகிரிக்கு உட்பட்ட சூட்டில் வேகும். தண்ணீர் ஊறும். 1971இல் புதுச்சேரியில் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியில் செய்வது ஸ்டோன்வேர், சூளை 1200ஐத் தாண்டி 1300 வரை போகும். மண்ணே பாதி கல்லாக இறுகிவிடும், மேலே பூசிய கிளேஸ் கண்ணாடியாக உருகிப் படியும். நிறம் எப்படி வரும் என்பது தீயைப் பொறுத்தது. சூளைக்குள் காற்று தாராளமாக இருந்தால் செம்பு பச்சை தரும், காற்றைக் குறைத்தால் சிவப்பு தரும். இன்று பாண்டிச்சேரியில் பார்க்கும் பீங்கான் பட்டறைகள் பலவற்றுக்கு வேர் அங்கேதான்.

இந்த ஊர் மண்ணின் கதை இன்னும் பழையது. புதுச்சேரியை ஒட்டிய பழைய துறைமுகமான அரிக்கமேட்டில் 1945இல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் தோண்டியபோது இத்தாலியச் சிவப்புப் பாண்டத் துண்டுகள், மதுச் சாடிகள், கூடவே உள்பக்கம் வட்டவட்டமாகப் புள்ளிக் கொத்து ஓடும் தட்டுகள் கிடைத்தன. அந்தப் புள்ளித் தட்டுகளையும் வெளிநாட்டுச் சரக்கு என்றுதான் வீலர் எடுத்துக்கொண்டார். பின்னால் வந்த ஆய்வுகள் அவை இந்தியாவிலேயே செய்தவை என்று காட்டின. அண்ணா, அருங்காட்சியகத்தில் மகளை அந்த ஓடுகளின் முன்னால் நிறுத்துங்கள். சுழலும் தட்டில் ஒரு கருவியைத் தொட்டும் தொடாமலும் பிடித்தால்தான் அப்படி ஒரு வரிசை வரும்.

10 டிசம்பர்

'ஒருவர் முடிவெடுத்தால் போதும் என்றால், மூத்திரக் கோப்பையை வைத்துக் கலை என்றாரே ஒருவர், அதுவுமா?' இது பெயர் சொல்லாத ஒரு வாசகர்.

ஆமாம், அதுவும்தான். 1917, நியூயார்க். பணம் கட்டிய எல்லோருடைய படைப்பையும் வைப்போம் என்று அறிவித்த ஒரு கண்காட்சிக்கு மார்செல் டுஷாம்ப் என்ற பிரெஞ்சுக் கலைஞர் கடையில் வாங்கிய கோப்பையை 'ஆர். மட்' என்று கையெழுத்திட்டு அனுப்பினார். அவர்கள் வைக்க மறுத்தார்கள். அசல் பொருள் தொலைந்துவிட்டது, மிஞ்சியது ஒரு புகைப்படம்தான். எனக்கு அந்தக் கோப்பையின்மேல் பெரிய பிரியம் இல்லை. அய்யனார் குதிரை முன் நிற்கும் நேரத்தில் பாதிகூட அதன் முன் நிற்க மாட்டேன். ஆனால் எது கலை என்று முடிவு செய்யும் இடம் எது, ஆள் யார் என்ற கேள்வியை அது மேசைமேல் போட்டுவிட்டது. வில்லியனூர்த் தங்கச்சி கேட்டதும் அதே கேள்வியைத்தான்.

இன்று பொருள்களை ஒரு அறையில் அடுக்கி நம்மை உள்ளே நடக்க வைக்கும் நிறுவல் கலை, உடம்பையே கருவியாக்கும் நிகழ்த்துகலை எல்லாம் அந்த வழியில் வந்தவை.

16 டிசம்பர், மார்கழி 1, காலை 6.15

தெருவில் கோலம் போட்டு முடித்து வந்து எழுதுகிறேன். நான்காம் தேதி நான்கு வகை சொன்னேன், இன்னொரு கேள்வியும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: எவ்வளவு நேரம் இருப்பதற்காகச் செய்தது?

வெண்கலம் ஆயிரம் வருடம் இருக்கும். அரிசி மாவுக் கோலம் பால்காரர் சைக்கிள் வரும்வரைதான். அப்புறம் எறும்பு. அழியும் என்று தெரிந்தே போடுவதால் கையில் ஒரு தைரியம் வருகிறது. விரலுக்கு நடுவிலிருந்து மாவு விழும் வேகமும் கை நகரும் வேகமும் ஒத்துப்போனால்தான் கோடு ஒரே தடிமனில் வரும். ஒரே கோட்டில் போடும் சிக்குக் கோலத்தில் அந்தக் கோடு எல்லாப் புள்ளியையும் சுற்றி, எதையும் தொடாமல், தொடங்கிய இடத்துக்கே வந்து சேர வேண்டும். சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி 1970களில் தம் சகாக்களோடு இந்தக் கோலங்களைக் கணித இலக்கணமாக எழுதிக் காட்டினார். கணினித் துறையில் அந்தக் கட்டுரைகளுக்கு இன்றும் மதிப்பு உண்டு.

என் அம்மா பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். பதினைந்து புள்ளி நேர்வரிசையில் சிக்கை எங்கே திருப்ப வேண்டும் என்று ஒரு நொடி நின்று யோசிப்பதைப் பார்த்து வளர்ந்தேன். நான் ஓவியம் படிக்கப் போனது அதைப் பார்த்துத்தான்.

18 டிசம்பர்

நிறம் பற்றி யாருமே கேட்கவில்லை என்று நினைத்தேன், கேட்டுவிட்டார்கள். மூன்று இடம் சொல்கிறேன்.

புதுச்சேரி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருதய ஆண்டவர் கோவில். ஜன்னல்களில் வண்ணக் கண்ணாடி. கண்ணாடியின் மேல் பெயின்ட் அடித்தது என்று பலர் நினைக்கிறார்கள். நிறம் கண்ணாடிக்குள்ளேயே இருக்கிறது, உருக்கும்போதே உலோக உப்பு சேர்ப்பார்கள். நீலத்துக்குக் கோபால்ட். துண்டுகளை வெட்டி ஈயப் பட்டையால் இணைப்பார்கள். முகம், மடிப்பு போன்ற நுணுக்கத்தை மட்டும் தூரிகையால் தீட்டிச் சூளையில் சுட்டு ஒட்டவைப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் கருப்பாக, மங்கலாகத் தெரியும். உள்ளே போய் வெயில் நேரத்தில் பாருங்கள். அங்கே மூலப்பொருள் வெயில்.

அடுத்தது வடலூர் சத்திய ஞான சபை. 1872இல் வள்ளலார் தொடங்கிய வழிபாட்டில் சோதிக்கு முன்னால் ஏழு திரைகள்: கருப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை, கலப்பு. தைப்பூசத்தன்று ஒவ்வொன்றாக விலகும்போது கண்ணுக்கு என்ன நடக்கிறது என்று கவனித்திருக்கிறேன். கருமையில் தொடங்கி வெளிச்சத்தை நோக்கிப் போகிற அந்த வரிசையில் பெரிய காட்சி அறிவு இருக்கிறது. பக்திக்கு அப்பாற்பட்டும் அதைப் பார்க்கலாம், பக்தியோடும் பார்க்கலாம்.

மூன்றாவது, சிதம்பரத்தில் சிவகாமி அம்மன் சன்னதி மண்டபத்து விதான ஓவியங்கள். நாயக்கர் காலம். கழுத்து வலிக்கும், பரவாயில்லை.

18 டிசம்பர், இரவு

விதான ஓவியம் என்றதும் இன்னொன்று. சுண்ணாம்புப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே நிறம் வைத்தால், சுண்ணாம்பு காற்றை வாங்கிக் கல்லாக இறுகும்போது நிறமும் உள்ளே பூட்டிக்கொள்ளும். பசை தேவையில்லை. ஆனால் பூச்சு காய்வதற்குள் அந்தப் பகுதியை முடித்தாக வேண்டும், தயக்கத்துக்கு இடமில்லை. தஞ்சைப் பெரிய கோவில் கருவறைச் சுற்றில் இருக்கும் சோழர் ஓவியங்கள் பல நூற்றாண்டாக நாயக்கர் ஓவியங்களுக்கு அடியில் மறைந்திருந்தன. 1931இல் அதைக் கண்டு சொன்னவர் கோவிந்தசாமி, நம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். பின்னால் தொல்லியல் துறை மேல் அடுக்கைச் சேதமில்லாமல் பிரித்து வேறு பலகைக்கு மாற்றி, இரண்டையும் காப்பாற்றியது. மகளுக்கு இந்த வேலையும் இருக்கிறது அண்ணா. பழைய ஓவியத்தைக் காப்பதற்கு ரசாயனமும் தெரிய வேண்டும், தூரிகையும் தெரிய வேண்டும்.

21 டிசம்பர்

கட்டடத்தைச் சேர்க்கவில்லையே என்று ஒருவர். சேர்த்தே ஆக வேண்டும். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்ட் விடுதியை வெளியிலிருந்து பாருங்கள். அன்டோனின் ரேமண்ட் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தது, 1930களின் கடைசியில் தொடங்கிய வேலை. சுவருக்குப் பதில் திறந்து மூடும் கான்கிரீட் பலகைகள். காற்று போகும், வெயில் நிற்கும். சிற்பம் மாதிரிச் சுற்றிப் பார்ப்பது பாதிதான், கட்டடத்துக்கு உள்ளே இருப்பது மீதி.

27 டிசம்பர்

பண்ருட்டி அண்ணன், மகளோடு திருவதிகை போய் வந்ததாக எழுதியிருக்கிறார். 'அச்சு வேலை மட்டும் எனக்கு இன்னும் ஒப்பவில்லை, ஃபிளெக்ஸ் அடிப்பதெல்லாம் கலையா?' என்கிறார்.

என் அப்பா கடை போர்டு எழுதியவர். சாக்பீஸ் தடவிய நூலைச் சுண்டிக் கோடு போட்டு, எனாமலில் 'ஜவுளி' என்று அவர் எழுதினால் 'ஜ'வின் வயிறு அப்படி ஒரு உருளலாக வரும். ஃபிளெக்ஸ் வந்தபின் அந்த வேலை போயிற்று. அதனால் ரொம்ப நாள் அச்சின்மேல் எனக்கு மனத்தாங்கல் இருந்தது. இப்போது வேறு மாதிரி பார்க்கிறேன். கெட்டது இயந்திரத்தால் அல்ல. எழுத்தை யோசித்து வைப்பவர் ஒருவர் இடையில் இல்லாமல் போனதால். அதே இயந்திரத்தில் எழுத்துக்கும் காலி இடத்துக்கும் கணக்கு தெரிந்த ஒருவர் வேலை செய்தால் போர்டு பளிச்சென்று நிற்கும்.

அச்சிலும் கலை உண்டு, பதிப்போவியம் என்பார்கள். மரத்தைச் செதுக்கி மை தடவி எடுக்கலாம், செம்புத் தகட்டை அமிலத்தில் அரித்து எடுக்கலாம், கல்லில் எண்ணெய் மையால் வரைந்து எடுக்கலாம். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பதுதான் அந்தக் கல்லச்சின் சூட்சுமம். நம் தாத்தா பாட்டி வீட்டுப் பூஜை அறையில் இருந்த ரவிவர்மா லட்சுமி அப்படி வந்தவள். 1894இல் அவர் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். நிறத்துக்கு ஒரு கல்லாகப் பல கற்கள் மாறி மாறிப் பதிந்து ஒரு படம் வரும். அரண்மனையில் இருந்த ஓவியம் குடிசைக்கு வந்தது அச்சால்தான்.

படிப்பு பற்றி: அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம், கும்பகோணத்தில் அரசு கவின்கலைக் கல்லூரி, சென்னையில் 1850இல் தொடங்கிய கல்லூரி. மூன்றையும் போய்ப் பாருங்கள். வகுப்பறையைப் பார்க்காதீர்கள், பட்டறையைப் பாருங்கள். சூளை எரிகிறதா, தரையில் கல்தூள் கிடக்கிறதா, பிள்ளைகள் கையில் அழுக்கு இருக்கிறதா என்று பார்த்தால் இடம் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும். நுழைவுக்குச் செய்முறைத் தேர்வு இருக்கும், மகள் தினம் ஒரு பொருளை எதிரில் வைத்துப் பென்சிலில் வரையட்டும். போனைப் பார்த்து வரைய வேண்டாம்.

2 ஜனவரி

விழுப்புரம் நண்பர், கீழ்வாலைப் பாறை ஓவியங்களைப் பார்க்கக் குழுவாகப் போகிறோம், வருகிறீர்களா என்று கேட்டிருக்கிறார். இந்த முறை முடியாது, அரையாண்டு விடைத்தாள் கிடக்கிறது. போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். செங்காவியில் இட்ட உருவங்கள் வெயிலில் மங்கலாகத் தெரியும், போட்டோவில் நன்றாக விழட்டும் என்று பாறையில் தண்ணீர் தெளிக்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. செய்யாதீர்கள். தண்ணீர் பாறையின் உப்பை வெளியே இழுத்துவரும், அது வெள்ளையாகப் படிந்து ஓவியத்தை மூடிவிடும். விரலாலும் தொட வேண்டாம், சாக்பீஸால் ஓரம் வரைந்து காட்டவும் வேண்டாம். காலையில் சீக்கிரம் போங்கள், கண் பழகக் கொஞ்ச நேரம் கொடுங்கள், உருவங்கள் தாமாகவே தெரிய ஆரம்பிக்கும். பண்ருட்டி அண்ணனின் மகளும் வருவதாக இருந்தால் ஒரு ஸ்கெட்ச் நோட்டும் 2பி பென்சிலும் கொடுத்து அனுப்புங்கள் அண்ணா, குடிக்கத் தண்ணீர் அங்கே கிடைப்பது கஷ்டம்.